கதவின் முன்பக்கம்

ஜனவரி 8

கல் வந்து இறங்கியது. மலையிலிருந்து லாரி வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிரேன்காரன் துல்லியோ திட்டிக்கொண்டே இறக்கினான். ஒன்றரை ஆள் உயரம், நான்கு முழ அகலம், ஒரு முழக் கனம். சுத்த வெள்ளைப் பளிங்கு, நரம்பே இல்லை. ஹேரன் நனைந்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அறுபத்திரண்டு வயதில் இப்படி நனையலாமா என்று குடையை நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். கல்லுக்குப் பிடி" என்றாள்.

இந்த டைரி ஃபாதர் இருதயராஜ் கிறிஸ்துமசுக்குக் கொடுத்தது. "தமிழு மறந்துராம இருக்கதுக்காவது எழுதுங்க அண்ணாச்சி" என்றார். இத்தாலியில் இந்த மலையடிவாரத்து ஊரில் தமிழ் பேச நானும் அவரும்தான் இருக்கிறோம். அவர் இங்கே பங்குச்சாமி, வடக்கன்குளத்துக்காரர். நான் தூத்துக்குடி. இந்த ஊரில் ஹேரனை வைத்து என்னைக் 'கொரியச் சிற்பியின் புருஷன்' என்பார்கள். பெர்க்மான்ஸ் வாஸ் என்ற பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

நானும் சிற்பிதான். தேவாலயங்களுக்கு மாதாவும் அந்தோணியாரும் செய்துகொடுக்கிறேன். அதில் பெயர் வெட்டும் வழக்கம் இல்லை.

ஜனவரி 12

ஹேரன் பிறந்த துறைமுக ஊரின் நகராட்சியிலிருந்து நாம் என்ற பெயருள்ள அதிகாரி கேட்டிருந்தார்: கல் வந்ததா? செப்டம்பரில் திறப்பு விழா, தாமதம் ஆகாதே? ஆகாது என்று நான்தான் பதில் போட்டேன். கடிதம், கிரேன், சோறு, துணி எல்லாம் என் பங்கு. செதுக்குவது அவள் பங்கு. கல்யாணமான புதிதில் ஒரே பட்டறையில் ஆளுக்கொரு மூலையில் நின்று வேலை செய்தோம். அவளுடைய மூலை வளர்ந்தது.

இருபத்தாறு வயதில் இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு இத்தாலி மொழியில் ஒரு சொல் தெரியாது. பெரிய பெயருள்ள சிற்பிகள் களிமண்ணில் பிடித்து அனுப்புவதைக் கல்லில் வெட்டிக் கொடுக்கும் கூலிவேலையில் சேர்ந்தாள். பெண், அதிலும் சின்ன உருவம் என்று அறுப்பு இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். அவள் கைபட்ட கற்கள் வேறு ஆட்களின் பெயரோடு ஐரோப்பா முழுக்க நிற்கின்றன. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் எழுந்து போய்விடுவாள். பிறகு அவள் பெயரிலேயே கற்கள் நான்கு நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. கொரியா மட்டும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. சரியான கல்லூரியில் படிக்கவில்லை, சரியான ஆசிரியரின் ஆள் இல்லை. இப்போதுதான் ஊர் முதன்முறையாகக் கூப்பிட்டிருக்கிறது.

ஜனவரி 20

அவள் செய்யப்போவது ஒரு கதவு.

அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது அந்த ஊரில் சவுரிமுடி தைக்கும் தொழிற்சாலையின் விடுதி எரிந்தது. வேலைசெய்த பெண்பிள்ளைகள் இரவில் வெளியே போகக்கூடாது என்று இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஹேரனின் அக்கா ஹேசுக் உள்ளே இருந்தாள். மறுநாள் அம்மாவோடு போய்ப் பார்த்தபோது கதவின் வெளிப்பக்கத்தில் பெயிண்ட் கூடக் கருகவில்லையாம். பச்சைப் பெயிண்ட். பிறகு யாரோ கதவைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார்கள்.

இதைக் கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை சொன்னாள். அதற்கப்புறம் சொன்னதில்லை.

கல்லின் முன்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் உள்ளங்கைகள் அழுந்திய பள்ளங்கள். வேறு உருவம் எதுவும் கிடையாது. ஒரு முகம் இருந்தால் ஜனங்களுக்குப் புரியுமே என்றேன். அவள் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டாள். சாப்பிட்ட தட்டுகளை நான் கழுவினேன்.

பிப்ரவரி 3

பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள். கீழ்த்திசையிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். "இருமல்" என்றாள் ஹேரன். பத்திரிகைக்காரி சிரிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். படம் எடுக்கும்போது, கொஞ்சம் தள்ளி நிற்கமுடியுமா என்று என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். தள்ளி நின்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 19

பின்பக்கம் மளமளவென்று போகிறது. கைப்பள்ளங்கள் மேலே நெருக்கமாக இருக்கின்றன. நடுவில் குறைகின்றன. அடியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, மறுபடி நிறைய.

"இவ்வளவு கீழ எதுக்கு?" என்று கேட்டேன்.

"முதல்ல எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க" என்றாள். பிறகு காற்று உளியின் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டாள்.

மார்ச் 9

பின்பக்கம் முடிந்தது. துல்லியோ வந்து கல்லைத் திருப்பி நிறுத்தினான். முன்பக்கத்தில் அறுத்த தடம்தான் இருக்கிறது. மேடுகளை மட்டும் காற்று உளியால் தட்டிவிட்டு, பிறகு கையால் தேய்த்தே மட்டமாக்குவாளாம், வேறு இயந்திரம் வேண்டாமாம். நான் உதவட்டுமா என்றேன்.

"வெறும் கல்லை வெறுமையா விடணும். அது உனக்கு வராது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உப்பு அதிகம் ஆகாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

மார்ச் 13

காலையில் பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். உளி கல்லில் பட்டால் அந்தச் சத்தம் விட்டுவிட்டு வரும். இன்று ஒரே சீராக வந்தது. மீனை முடித்து, கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கல்லுக்கடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. தலைமுடியெல்லாம் வெள்ளைத்தூள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது.

மார்ச் 14

பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். வலது கை, வலது காலில் அசைவு இல்லை.

மார்ச் 27

இன்று பேசினாள். நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். டாக்டர் குனிந்து கேட்டார், இன்னொருவரும் கேட்டார், யாருக்கும் புரியவில்லை. பேசியது கொரிய மொழி. நாங்கள் பேசிக்கொள்ளும் இத்தாலி மொழி ஒரு சொல் கூட மிஞ்சவில்லை. சிலருக்கு இப்படி ஆகும், முதலில் படித்த பேச்சு மட்டும் தங்கிவிடும், மற்றது மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"நீங்கள் கொரிய மொழியில் பேசலாமே" என்றாள் பேச்சுப்பயிற்சி கொடுக்கும் பெண்.

எனக்குத் தெரியாது என்றேன். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டாள். முப்பது தாண்டிவிட்டது என்றேன். அவள் தன் காகிதத்தில் ஏதோ எழுதினாள். கொரியாக்காரர் யாரையாவது தேடிப் பிடியுங்கள், பேச ஆள் இருந்தால் சீக்கிரம் தேறுவார் என்றாள். இந்த மலையடிவாரத்தில் கொரியாக்காரருக்கு எங்கே போவது?

ஏப்ரல் 10

வீட்டுக்கு அழைத்துவந்தாயிற்று. ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பக்கத்து வீட்டுப் பேரிமரம் பூத்திருப்பதைக் காட்டினேன். ஏதோ சொன்னாள், நான் ஆமாம் என்றேன். திரும்பவும் சொன்னாள். திரும்பவும் ஆமாம் என்றேன். இடதுகையால் மேசையை அடித்தாள். சிறுநீர் வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். துணியை மாற்றி, நாற்காலியைக் கழுவினேன்.

நகராட்சி அதிகாரி நாம் எழுதியிருந்தார். சிற்பிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டோம், முடியாதென்றால் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்யவேண்டும், இறந்த பெண்களின் குடும்பத்தார் வயதானவர்கள், இனியும் காத்திருக்கமுடியாது. அவள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் செய்கிறேன் என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது? அவளுடைய ஊர் அவளைக் கூப்பிட்டது இது ஒருமுறைதான்.

மாலையில் அவள் தம்பி ஜேஹோ போன் செய்தான். அவனுடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். அக்காவிடம் கொடுங்கள் என்றான். தூங்குகிறாள் என்றேன். இன்னும் பேச்சு வரவில்லை என்றும் சொன்னேன். பேரிமரம் இருட்டும்வரை அவளை ஜன்னலோரமே உட்காரவைத்திருந்தேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஏப்ரல் 22

முன்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினேன். நீர்விட்டு, உப்புக்காகிதம் போட்டு, கையால்தான். அவள் சொன்னபடியே. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கிறது.

மே 1

விடுமுறை. தேய்த்தேன்.

மே 6

தேய்க்கத் தேய்க்க அந்த வெறுமை என்னைப் பார்க்கிறது. செத்துப்போன பிள்ளைகளுக்காக ஒரு ஊர் கூடி வரும். வந்து எதைப் பார்க்கும்? வெள்ளைச் சுவரையா? பின்னால் போய்ப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்? ஹேரன் நன்றாக இருந்தால் கடைசியில் இதை அவளே உணர்ந்திருப்பாள். அவளுடைய நல்ல வேலைகள் பலவற்றில் நான் சொன்ன யோசனை இருக்கிறது. அவள் அதை எங்கும் மறுத்ததில்லை, சொன்னதும் இல்லை.

கரித்துண்டால் ஒரு சதுரம் வரைந்து பார்த்தேன். கதவில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி. அதற்குள் ஒரு பெண்பிள்ளையின் முகம், வெளியே பார்க்கிற மாதிரி. அழித்துவிடலாம், கரிதானே.

மே 8

உளி எடுத்தேன். நாற்பது வருஷமாக மாதா முகம் வெட்டிய கை. தானாகவே ஓடியது.

மே 17

முகம் வந்துவிட்டது. ஜன்னல் போல ஆழமாகக் குடைந்து, உள்ளே இருட்டிலிருந்து எழுந்து வருகிற மாதிரி நெற்றி, மூக்கு, திறந்தும் திறக்காத உதடு. ஹேசுக்கின் படம் எங்களிடம் இல்லை. அக்காவும் தங்கையும் ஒரே சாயல்தானே இருக்கும் என்று, நான் முதன்முதலில் பார்த்த ஹேரனின் முகத்தை நினைத்து வெட்டினேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை.

இன்று அவளைத் தள்ளுநாற்காலியில் வைத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பின்பக்கத்துக் கைகளைப் பார்த்தாள், இடதுகையைப் பள்ளம் ஒன்றில் வைத்தாள். பிறகு முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முகத்தைப் பார்த்தாள். பிறகு "ஓன்னி" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும், அக்கா என்று அர்த்தம். தூக்கத்தில் சொல்வாள். "ஓன்னி, ஆனியா. ஆனியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனியா என்பது அக்காவின் செல்லப்பெயராக இருக்கவேண்டும். கண்ணில் நீர் கொட்டியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடையாளம் கண்டுகொண்டாள்!

காதோரத்து முடியை இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று உளியை வைத்தேன். "ஹாஜி மா! ஹாஜி மா!" என்று கத்தி, இடதுகையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தானும் செய்யவேண்டும் என்று ஆசை, பாவம். உளியை அவள் கையில் கொடுத்தேன். முகத்தின் மேல் வீசினாள். கைக்குப் பலம் ஏது? கன்னத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தடம் விழுந்தது. தேய்த்துச் சரிசெய்துவிட்டேன்.

மே 18

பட்டறைத் தூசி அவள் நெஞ்சுக்கு ஆகாது. இனி அழைத்துப்போவதாக இல்லை.

மே 30

ஃபாதர் வந்தார். ஹேரனுக்கு நற்கருணை கிடையாது, அவள் வேதக்காரி இல்லை. ஆனாலும் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்து என்னோடு பட்டறையில் நின்றார். முகத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. சத்தியமா நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "கிறிஸ்துமசுக்கு வந்தப்ப அவிய எனக்கு இதோட மாதிரிய காட்டுனாவ. அதுல முகம் இல்லையே?" என்றார்.

"பொறவு மாத்துனோம் சாமி."

"அவிய சொன்னாவளா?"

"பாத்துட்டு அழுதா சாமி. அக்கான்னு கூப்பிட்டா."

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. ரெண்டு மாசமா அவிய பேசுதது ஒருத்தருக்கும் புரியல. செறையில கெடக்கவனுக்குக் கூட வாரத்துக்கு ஒருநாளு பேச ஆளு வரும். பக்கத்து டவுன்ல பாட்டு படிக்க வந்த கொரியாப் பிள்ளைய நெறைய உண்டு. எங்க கொயர்ல கூட ஒண்ணு பாடுது. கூட்டியாரட்டா?"

"இப்ப வேண்டாம் சாமி. அவளுக்குக் களைப்பாயிரும்."

"சரி" என்றார். காப்பி குடிக்காமல் போனார்.

ஜூன் 9

வேலை முடிந்து மெருகும் போட்டாயிற்று. படம் எடுத்து நாமுக்கு அனுப்பினேன். ஒருமணி நேரத்தில் பதில்: எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். முதலில் காட்டிய மாதிரியைவிட இது மக்களைத் தொடும் என்று மேயர் சொல்கிறார். அதை இரண்டுதரம் வாசித்தேன். ஹேரனுக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது.

ஜூன் 21

ஃபாதர் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் யூன்ஜி. கையில் ஒரு டப்பா நிறைய ஊறுகாய் முட்டைக்கோஸ். நான் காப்பி போடப் போனேன்.

ஹேரனின் குரல் சமையலறைவரை வந்தது. இத்தனை நீளமாக அவள் பேசி நான் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. திக்கினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் "நே, நே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் அழுதார்கள். காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டுப் போனேன்.

யூன்ஜி எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் இத்தாலி மொழியில் பேசினாள். "கல்லைப் பார்க்கணும்னு சொல்றாங்க. இன்னொரு தடவை."

நால்வரும் போனோம். கல்லைப் பார்த்ததும் ஹேரன் அதே சொற்களைச் சொன்னாள். நான் முந்திக்கொண்டு யூன்ஜியிடம் சொன்னேன்: "ஓன்னி, ஆனியா. அக்கா பெயர்தானே?"

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தாள். "ஆனியான்னா பெயர் இல்லை. 'இல்லை'ன்னு அர்த்தம். 'இது அக்கா இல்லை'ன்னு சொல்றாங்க."

"ஹாஜி மா?"

"'செய்யாதே.'"

ஃபாதர் வெளியே போய் முற்றத்தில் நின்றுகொண்டார்.

ஜூன் 22

மழை. பட்டறைக் கூரை ஒழுகுகிறது.

ஜூன் 24

யூன்ஜி மறுபடி வந்தாள். இந்தமுறை ஹேரன் என்னையும் எதிரில் உட்காரச் சொன்னாள். நான் இரவெல்லாம் யோசித்துவைத்ததைச் சொன்னேன்: முன்பக்கம் முழுவதையும் முகத்தின் ஆழத்துக்கு இறக்கிவிடுகிறேன், பழையபடி மட்டமாக்கிவிடுகிறேன், செப்டம்பருக்குள் முடியும்.

யூன்ஜி சொல்லி முடிக்குமுன்பே ஹேரன் தலையசைத்தாள். இடதுகையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியைக் காட்டினாள்.

"நீங்க குடைஞ்சதுக்குப் பின்னாடி கல் அவ்வளவுதான் இருக்காம்" என்றாள் யூன்ஜி. "முன்னாடி இறக்கினா பின்னாடி இருக்கிற கைகள் உடைஞ்சுடும். கைகளைத் தொடக்கூடாது. அது அவங்க ஊருக்குப் போகணும். அதுக்காக முகமும் அப்படியே கூடப் போகட்டும்னு சொல்றாங்க."

"அப்படின்னா சரி" என்றேன்.

ஹேரன் மேலும் பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. யூன்ஜி தயங்கினாள். ஹேரன் மேசையைத் தட்டினாள்.

"கல்லுல உங்க பெயரை வெட்டணுமாம். அவங்க பெயர் எங்கேயும் இருக்கக்கூடாது. சின்ன வயசுல அவங்க வெட்டின கல்லுக்கெல்லாம் வேற ஆள் பெயர் போட்டாங்களாம். அந்த அநியாயத்தை அவங்க செய்யமாட்டாங்களாம். முகத்தை வெட்டினது நீங்க. செய்தவன் பெயர்தான் இருக்கணும்."

"பின்பக்கம் உன்னுடையதுதானே?" என்று ஹேரனிடம் நேராகவே கேட்டேன். யூன்ஜி சொன்னாள். ஹேரன் பதில் சொன்னாள்.

"பின்பக்கம் அந்தப் பிள்ளைகளோடதாம்."

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். குளிர் ஒன்றும் இல்லை.

ஜூலை 8

ஜேஹோ எல்லாவற்றையும் அக்காவிடமே போனில் கேட்டுக்கொண்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நகராட்சியில் பெரிய குழப்பம். அதிகாரி நாம் மூன்றுமுறை எழுதிவிட்டார். ஹேரனின் பெயருக்காகத்தானே இந்த வேலையையே கொடுத்தார்கள். அவள் தம்பிமூலம் ஒரே பதிலைச் சொல்லியனுப்பினாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கல்லைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் இல்லை. முகம் அவ்வளவு பிடித்துவிட்டது.

என் பெயரைக் கொரிய எழுத்தில் யூன்ஜி தாளில் எழுதிக் கொடுத்தாள். முன்பக்கம், கீழே, வலது ஓரம். வட்டமும் கோடுமாக இருந்ததை அப்படியே வெட்டினேன். நன்றாக வந்திருக்கிறது என்றாள். எனக்கு அதில் எது பெர்க்மான்ஸ், எது வாஸ் என்று தெரியவில்லை.

ஜூலை 15

ஜேஹோ வந்து அவளை அழைத்துப்போனான். அங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறது, பேச்சும் புரியும், அதுதான் சரி. நானும் அதைத்தான் சொன்னேன். அவளுடைய உடுப்புகளை மடித்துவைத்தேன். குளிர்கால மேற்கோட்டை ஜேஹோ பெட்டியில் எடுத்து வைத்தபோதுதான், எவ்வளவு காலத்துக்கு என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அதன்பிறகும் கேட்கவில்லை.

காரில் ஏற்றும்போது அவள் தலையில் பளிங்குத்தூள் இருந்தது போல எனக்குப் பட்டது. தட்டிவிடப் போனேன். நரை.

ஆகஸ்ட் 4

கல் கப்பலேறிவிட்டது. துல்லியோ கேட்டான், அம்மா எப்போது திரும்பி வருவார் என்று. கிரேன் வாடகையை மாதக்கடைசியில் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 26

ஹேரனின் ஊர். கடற்காற்றில் மீன்வாடை, தூத்துக்குடி மாதிரியேதான். வந்து இறங்கியதும் அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஊருக்குக் கூப்பிட்டதும் இல்லை, நான் வருகிறேன் என்றதும் இல்லை.

இன்று திறப்பு விழா. தொழிற்சாலை இருந்த இடத்தில் பூங்கா. கல்லின்மேல் வெள்ளைத் துணி. மேயர், அதிகாரி நாம், பள்ளிப்பிள்ளைகள், காமிராக்கள். என் கோட்டில் பூ குத்தினார்கள். துணியை இழுத்ததும் "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. மேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கி அந்த முகத்தின் கன்னத்தைத் தொடவைத்துப் படம் எடுத்தாள். என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதிகாரி நாம் முழங்கையால் இடித்த பிறகுதான் அது என் பெயர் என்று தெரிந்து வணங்கினேன்.

தீயில் தப்பித்த சிலர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயது. குட்டையாக முடிவெட்டிக்கொண்டு, கைத்தடியோடு. முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். துணி விலகியதும் அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து முகத்தைப் பார்த்தாள். நாமிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

நாம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தப் பெண் யார் என்று கேட்கிறார். எல்லோரையும் தெரியுமாம். இவளைத் தெரியவில்லையாம்."

அது எல்லோருக்கும் பொதுவான முகம் என்று சொல்லச்சொன்னேன். நாம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். கல்லைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். திரும்பி வரவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. முதல் வரிசை காலியாகிவிட்டது. காமிராக்காரர்கள் முன்பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

ஹேரனை ஜேஹோ காலையிலேயே கூட்டிவந்து பின்பக்கம் நிறுத்தியிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் குரல் கேட்டது. அந்தப் பெண்கள் ஏதோ சொன்னார்கள், அவள் பதில் சொன்னாள். பிறகு ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று சொல்லமுடியாது. கல் நடுவில் நின்றதால் ஒன்றும் பார்க்கமுடியவில்லை. மேயர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் நகர்ந்தால் மரியாதையாக இருக்காது.

பேச்சு முடிந்து போய்ப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. கீழே உள்ள பள்ளங்களில் இரண்டில் யாரோ கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 28

மருத்துவமனைக்குப் போனேன். ஹேரன் பயிற்சியில் இருக்கிறாள் என்றான் ஜேஹோ. வராந்தாவில் காத்திருந்தேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 11

தூத்துக்குடியிலிருந்து தங்கை பிலோமினா போன் செய்தாள். யாரோ வாட்ஸப்பில் கல்லின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

"அண்ணே, ஒங்க பேரு கல்லுல வந்துட்டுன்னு இங்க கோயில்ல அறிவிச்சாவ! அப்பா இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாவ! மைனி என்ன சொல்லுதாவ?"

"அவளும் சந்தோசமாத்தான் இருக்கா" என்றேன்.

நவம்பர் 19

கொரியாவிலேயே இன்னொரு ஊர் எழுதியிருக்கிறது. கப்பல் மூழ்கி இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வேண்டுமாம். அதே மாதிரி ஒரு முகம் வைக்கமுடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். என் பெயருக்கே வந்த கடிதம். முடியும் என்று எழுதினேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன்.

டிசம்பர் 2

ஞாயிறு தோறும் ஹேரனுக்குப் போன் செய்கிறேன். ஜேஹோ அவள் காதருகே வைப்பான். நான் இங்கே நடந்ததைச் சொல்வேன். புரியாவிட்டாலும் என் குரலைக் கேட்பாள். மூச்சுச் சத்தம் வரும்.

இன்று, கிறிஸ்துமசுக்கு வரலாம் என்றிருக்கிறேன், டிக்கெட் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். வழக்கம்போல மூச்சுச் சத்தம். பிறகு தொண்டையைச் செருமினாள். இத்தாலி மொழியில், திக்காமல், இரண்டே சொல் சொன்னாள்.

"நீ வராதே."

அங்கே பனி விழுகிறதா என்று கேட்டேன். போன் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பூசை முடிந்து ஃபாதர் வெளியே வந்ததும் முதல் வேலையாக அவரிடம் சொன்னேன். "சாமி, ஹேரனுக்கு இத்தாலி பேச்சு திரும்பி வந்துட்டு."

"ஆண்டவருக்குத் தோத்திரம்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"ரெண்டு வார்த்தைதான் சாமி. ஆனா ரொம்பத் தெளிவாச் சொன்னா."